சீமாறு அண்ணனுக்குக் குப்பை போடக் கற்றுக்கொடுத்த கதை

சேலம் ஜில்லாவிலேயே மனக்கவலைக்கு மருந்து கண்டுபிடித்த ஒரே மனுஷன் எங்கள் ஹவுஸ் ஓனர்தான். காதல் தோல்வி, வேலையில் மொக்கை, பல்வலி, மாமியார் தொல்லை, எது வந்தாலும் அவரிடம் ஒரே மருந்து. சீமாறு. வெளியூர்க்காரர்கள் துடைப்பம் என்பார்கள். உள்ளுக்குச் சாப்பிட வேண்டியதில்லை, கையில் பிடித்தால் போதும்.

இப்போது ஃபோனைத் திறந்தாலே யாரோ ஒரு அக்கா வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார்ந்து, "அலமாரியை ஒழுங்கு பண்ணுங்க, மனசு தானா ஒழுங்காயிடும்" என்கிறார். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. உலகமே உருகி லைக் போடுகிறது. இதையே எங்கள் ஆள் புல்லாங்குழல் இல்லாமல், காலை ஆறு மணிக்கு, எங்கள் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் லைக் போடவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம்.

நான் ஆத்தூர்ப் பக்கம். ரூம்மேட் கோகுல் தருமபுரிக்காரன். இருவருக்கும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆபீஸில் வேலை. யாரோ வாங்கிய ஏதோ ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்று யாரோ போனில் திட்டுவார்கள், நாங்கள் "புரியுது சார்" என்போம். அதற்கு இருவரும் இன்ஜினியரிங் படித்திருந்தோம். வீடு தேடிப் போனால் "பேச்சிலருக்குத் தர்றதில்லைங்க" என்று தெருத்தெருவாகக் கதவைச் சாத்தினார்கள். இவர் ஒருத்தர்தான் சாத்தவில்லை. மற்ற ஓனர்கள் சம்பளம் கேட்பார்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். இவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"குளிச்சுட்டு வந்து ஈரத் துண்டை எங்க போடுவீங்க, சாமி?"

கோகுல் உத்தமன். "கட்டில் மேலண்ணா" என்றான். நான் அவன் காலை மிதித்தேன். லேட்.

அண்ணன் கண்ணை மூடி, ஒரு சாவுச் செய்தியைத் தாங்கிக்கொள்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "செரி, பொய் சொல்லல. திருத்திக்கலாம், குடி வாங்க" என்றார்.

வாடகை ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னக் குழந்தையிலிருந்து சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் சீமாறு அண்ணன்தான். அவருக்குக் கோபமும் வராது, பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வார். பதினாறு வருஷம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் வடநாட்டில் சுற்றிவிட்டு வந்தவர். ஊர் நாமக்கல் பக்கம் சேந்தமங்கலம், விவசாயக் குடும்பம். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. சேலத்தில் இந்த மாடி வீட்டைக் கட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் ஒவ்வொரு நட்டும் தனித்தனி பாட்டிலில் ஊறுகாய் மாதிரி இருக்கும்.

வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செருப்புகள் தெருவைப் பார்த்தபடி நிற்கும், எந்த நேரமும் ஊர்வலம் கிளம்பத் தயார் என்கிற மாதிரி. கேட்டுக்கு வெளியே இருக்கிற சாக்கடை மூடியை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். ஒருமுறை கரண்ட் கம்பத்தை அவர் துடைப்பதைப் பார்த்துவிட்டு லைன்மேன் வண்டியை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் தெரு நாய்க்கு அடுத்த தெருவில் மரியாதையே கிடையாது. அதன் மேல் எப்போதும் சந்தன சோப்பு வாசம் வரும்.

மருந்தின் முதல் நோயாளி கோகுல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் காதல் முடிந்தது. ஆள் கட்டிலில் விழுந்தவன் எழவில்லை. ஆபீஸுக்கு வைரல் ஃபீவர் என்று நான்தான் பொய் சொன்னேன். அழுகை கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் சீமாறு, தோளில் கிழிந்த பனியன் துணி.

"கோகுலு, என்ன சாமி ஆச்சு?"

"அவ போயிட்டாண்ணா."

"அது கெடக்குது. கட்டலுக்கு அடியில எப்பக் கூட்டுனே?"

"அண்ணா, அவ என்னை விட்டுப் போயிட்டா."

"காது கேக்குது சாமி. கூட்டுனது எப்ப?"

கோகுல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். "குடி வந்தப்ப."

"நாலு மாசம். நாலு மாசக் குப்பை மேல படுத்துட்டு அழுதா அழுவை எப்புடி நிக்கும்? நீ அழுவு, வேண்டாங்கல. காலை மட்டும் மேல தூக்கிக்க."

உள்ளே விட்ட சீமாறு வெளியே வரும்போது புதைந்து கிடந்த ஒரு நாகரிகமே கூட வந்தது. ஒற்றைச் சாக்ஸ் ஏழு, எதுவும் எதற்கும் ஜோடி இல்லை. மூடி இல்லாத பேனாக்கள். ஓட்டு வில்லை மாதிரி காய்ந்த பாதிச் சப்பாத்தி. கடைசியாக அவள் கொடுத்த கீ செயின். அதைப் பார்த்ததும் கோகுல் இன்னொரு ரவுண்டு ஆரம்பித்தான். அண்ணன் கீ செயினைத் துடைத்து அவன் கையில் வைத்தார்.

"இது குப்பையில்ல. டிராயர்ல வெய்யி. இந்தச் சப்பாத்தி குப்பை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருந்தா எதுக்கு அழுவறோம்னே தெரியாது."

மத்தியானத்துக்குள் கோகுல் வீடு முழுக்கக் கூட்டி, மாப்பு போட்டு, ஜன்னல் கம்பி வரைக்கும் துடைத்துவிட்டு, இரண்டு பிரியாணி சாப்பிட்டுத் தூங்கினான். நான் அதைக் களைப்பு என்றேன். அண்ணன் குணமாச்சு என்றார். கோகுல் இன்று வரை எந்தக் கட்சி என்று சொல்லவில்லை.

அடுத்தது நான். ஆபீஸில் எனக்கு வர வேண்டிய டீம் லீடர் பதவி, மேனேஜர் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னால் சட்னியும் சேர்த்து வாங்கி வருகிற ஒருத்தனுக்குப் போனது. நான் வாசற்படியில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேன் றெக்கையைத் தொடைச்சுப் பாரு சாமி" என்றார்.

"அண்ணா, என் பிரச்சினை ஆபீஸ்ல."

"ஆபீஸு உன்ற கையில இல்ல. ஃபேனு இருக்குது."

ஸ்டூல் மேல் ஏறித் துடைத்தேன், வேறு வழி? அண்ணாந்து பார்த்துத் துடைத்ததில் மேனேஜர் முகத்தில் இருக்க வேண்டிய கரி எல்லாம் என் முகத்தில் விழுந்தது. கடுப்பு குறைந்ததா என்று கேட்காதீர்கள். காற்று நன்றாக வந்தது. அதை அவரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம், அவர் உத்தரவின் பேரில் மொட்டை மாடியில் மெத்தையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தோம். கோகுல் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "ஏண்ணா உங்களுக்கு இந்த வெறி?" என்று கேட்டேவிட்டான்.

அண்ணன் அடிப்பதை நிறுத்தவில்லை. "ரிக்குல நின்னு பாத்திருக்கியா சாமி? கல்லு தூளாகி மேல வரும். காதுல, பல்லுல, சோத்துல, எல்லாத்துலயும் அதுதான். குளிச்சாலும் போவாது. ஒரு நா மத்தியானம் போனு வந்துச்சு. அப்பா போயிட்டாருன்னு. ஊருக்கு வரோணும்னா மூணு நா ஆவும். அதுவரைக்கும் வெச்சிருக்க மாட்டாங்க. ஆரோ தூரத்துச் சொந்தம் கொள்ளி வெச்சுட்டாங்க. நான் அங்க என்ன பண்றது? லாரியைக் கழுவுனேன். டயரு, கேபினு, பைப்பு ஒண்ணொண்ணா. கழுவி முடிச்சப்பத்தான் அழுவை வந்துச்சு. அன்னீலருந்து பழகிப் போச்சு."

கோகுல் குச்சியை மறுபடியும் எடுத்துக்கொண்டான். மெத்தையை இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாமக்கல், சேலம் பக்கம் விவசாயக் குடும்பத்து மாப்பிள்ளைக்குப் பெண் தேடுவது, பாறை மேல் போர் போடுகிற மாதிரி. எட்டு வருஷமாகத் தரகர்கள் ஓட்டினார்கள். புழுதி மட்டும் வந்தது. அதைப் பற்றி அவர் வாய் திறந்து புலம்பியதில்லை. ஆனால் அவர் சமையல்கட்டில் இரண்டு தட்டு இருக்கும். ஒன்றில் தினமும் சாப்பிட்டுக் கழுவுவார். இன்னொன்றையும் தினமும் கழுவுவார். அதில் யாரும் சாப்பிட்டதில்லை.

நம்ம பக்கம் பெண் வீட்டுக்காரர்கள் முதலில் வீடு பார்க்க வருவார்கள். பெயர்தான் வீடு பார்ப்பது. பார்ப்பது போலீஸ் சோதனை. முதலில் ராசிபுரத்திலிருந்து ஒரு கும்பல் வந்தது. அண்ணன் அதிகாலையிலேயே எழுந்து தரையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார். டீ கொடுக்க நானும் கோகுலும். வந்ததில் ஒரு பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கோலம் ஆருங்க போட்டது?"

"நானுங்க."

"புள்ளிக் கோலமாட்ட இருக்குது."

"ஆமாங்க. அரிசி மாவுங்க. எறும்புக்கு ஆவட்டும்னு."

பெரியம்மா திரும்பித் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி சமையல்கட்டுக்குள் நுழைந்தார். டப்பாக்கள் துவரை, உளுந்து, கடுகு என்று பெயர் ஒட்டி உயர வரிசையில் நின்றன. அதைக்கூடப் பொறுத்திருப்பார். ஃபிரிட்ஜைத் திறந்தார். கருவேப்பிலை, காம்பிலிருந்து உருவி, துடைத்து, டப்பாவில் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அங்கேதான் கதை முடிந்தது.

"ஏனுங்க, ஆம்பளை உருவி வெச்ச கருவேப்பிலையா இது?" என்று கேட்டுவிட்டுப் பாதி டீயோடு கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் தரகர் வந்து தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. ஊட்ல ஏற்கெனவே ஒரு பொம்பளை இருக்கறாப்பலன்னு சொல்றாங்க."

"ஆருமில்லீங்களே."

"அப்ப அந்தக் கருவேப்பிலை?"

உண்மையைச் சொன்னால் நம்பாத உலகம் இது.

அடுத்து பரமத்திப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் உஷார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அத்தை குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே பெண்ணும் இல்லை, தூசியும் இல்லை. பெண் இல்லாததை மன்னித்திருப்பார்கள், தூசி இல்லாததை மன்னிக்க முடியவில்லை. மூன்றாவது இடம் வரவே இல்லை. முதல் சம்சாரத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று செய்தி சந்தை வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு அண்ணன் மேல் தொட்டியைக் கழுவினார். சாயங்காலம் மறுபடியும் அதே தொட்டியைக் கழுவினார்.

தரகர் கடைசியாக ஒன்று சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழமை திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு எடம் வருதுங்க. இதும் போச்சுன்னா என்ற கையில வேற எடமில்ல. கும்புட்டுக் கேக்கறேன், ஊட்டை ஆம்பளை இருக்கற ஊடு மாதிரி வெச்சிருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. சீமாறு இல்லாமல் அண்ணன் நின்றதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சாமி, ஒரு ஒதவி. உங்க ஊடு எப்புடி இந்தக் கோலத்துல இருக்குது?"

"எந்தக் கோலத்துலண்ணா?" என்றேன்.

"இதா, இப்புடி." கையை நீட்டி எங்கள் அறை முழுவதையும் காட்டினார். "எனக்கும் அதையக் கத்துக் குடுங்க."

கோகுலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துறையில் நிபுணர் அந்தஸ்து. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

"முதல்ல பனியன். கழட்டின பனியனை எங்க போடுவீங்க?"

"அழுக்குக் கூடையில."

"தப்பு. சேர் மேல."

அண்ணன் ஒரு பனியனை எடுத்து, நாற்காலி முதுகில் இரண்டு தோளும் சமமாக வருகிற மாதிரி மாட்டினார்.

"மாட்டக்கூடாதுண்ணா. எறியணும்."

எறிந்தார். பனியன் பறந்து போய் நாற்காலி மேல் நாலாக மடிந்து விழுந்தது. அவர் கை பட்டுப் பட்டுத் துணிக்கே பழகிவிட்டது.

இது வேலைக்காகாது என்று மாடியிலிருந்து அசல் சரக்கை இறக்கினோம். டீ காய்ந்து மீசை வைத்த டம்ளர்கள், அடி கருகிய குக்கர், பழைய செய்தித்தாள், ஈரத் துண்டு, பிரித்துப் போட்ட மிக்சர் பாக்கெட். ஒற்றைச் செருப்பு ஒன்றை டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினேன். கோகுல் எங்கள் கால்மிதியைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் உதறினான். நாங்கள் குடி வந்த நாளிலிருந்து சேர்த்த சொத்து, ஒரே உதறலில் தானம். மிக்சரைக் கொஞ்சம் தரையில் தூவினோம். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"கொலை பண்றதைப் பக்கத்துல நின்னு பாக்கறாப்பல இருக்குது சாமி."

"கல்யாணம் வேணுமா வேண்டாமா?" என்றான் கோகுல். டாக்டர் மாதிரி.

"வேணும்" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

வாசல் கோலத்தை நான்தான் காலால் அழித்தேன். அவரால் முடியவில்லை. திரும்பி வந்தால் ஆளைக் காணோம். சமையல்கட்டில் சத்தமில்லாமல் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். பிடுங்கி மறுபடியும் அழுக்காக்கினோம். பத்து நிமிஷத்தில் இன்னொரு டம்ளரோடு பிடிபட்டார்.

பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா. அவர் தம்பி, அதாவது பெண்ணின் தாய்மாமன், கோழிப்பண்ணைக்காரர், மீசையே தனி ஆளாக வந்தது. அவர்களுக்குப் பின்னால் பெண்ணே வந்து நின்றார். வீடு பார்க்கப் பெண் வருவது வழக்கமில்லை.

"அம்முணி தானும் வருவேன்னு ஒரே புடியா நின்னுட்டாங்க" என்று தரகர் அண்ணன் காதில் சொன்னார். பெண்ணுக்கு முப்பத்து மூன்று வயது, ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர்.

மாமன் உள்ளே வைத்த முதல் அடியிலேயே மிக்சர் நொறுங்கியது. குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இதானுங்க ஆம்பளை இருக்கற ஊடு." கருகிய குக்கரைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம். "பொம்பளை கை பட்டதே இல்லீங்க்கா, பாத்தாவே தெரியுது. இவரை நம்பலாம்" என்று அக்காவிடம் சான்றிதழ் கொடுத்தார். தரகர் எங்களைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்.

எல்லாம் சரி. மாப்பிள்ளைதான் சரியில்லை. அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வேர்த்து வழிந்துகொண்டு, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கறி சாப்புடுவீங்களா தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

"அதைய அடியில இருந்து எடுத்துரலாமுங்க" என்றார் அண்ணன்.

மாமன்தான் சமாளித்தார். "ரெண்டு பேரும் வேணும்னா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்" என்று சொல்லி அக்காவையும் தரகரையும் வாசலில் மாங்கன்றைப் பார்க்கக் கூட்டிப் போனார். நானும் கோகுலும் மரியாதையாகச் சமையல்கட்டுக்குள் போய், மரியாதையாகக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டோம்.

"ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" இது பெண், வயதில் எங்களுக்கு அக்கா.

"நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"வேர்த்து ஊத்துதே."

நாற்காலி நகர்ந்தது. அப்புறம் அண்ணன் குரல். "ஒண்ணு சொல்லட்டுங்களா. இது என்ற அழுக்கு இல்லீங்க."

"பொறவு?"

"மேலூட்டுப் பசங்களுதுங்க. கேட்டு வாங்கிட்டு வந்தது."

கோகுல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "முடிஞ்சுதுடா" என்று முணுமுணுத்தான்.

அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோலம், கருவேப்பிலை, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்த அத்தை, ஒன்று விடவில்லை. "இந்த ஊட்ல என்னைய உட்டா ஆருமில்லீங்க. அதைய ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. தனியா இருக்கறதுல மனசு ஒரு மாதிரி ஆவுமுங்க. அப்பத்தான் சீமாத்தை எடுப்பேன். இன்னைக்குப் பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா, நாளைக்கு உங்குளுக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு கூட்டோணும். அது என்னால ஆவாதுங்க. புடிக்கலீன்னா இப்பவே சொல்லிருங்க."

அந்த அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கூட்டுக்கு இதுவரைக்கும் பதினோரு எடம் வந்தாச்சுங்க" என்றார். "எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். புள்ளைக்கு ஊட்டு வேலை தெரியுமான்னு. அம்மா நல்லாத் தெரியும்னு சொல்லும். நான் துணி மடிச்சதே இல்லீங்க."

"மடிச்சதே இல்லீங்களா?"

"இல்லீங்க. கட்டல் மேல குமியலாக் கெடக்கும். தூங்கறப்ப சேருக்கு மாத்துவேன். எந்திரிச்சா மறுபடியும் கட்டலுக்கு."

"அலமாரி?"

"தொறந்தா மேல உழுமுங்க."

"எந்த வருசத்துல இருந்துங்க?"

"காலேஜ் படிக்கறப்ப இருந்து."

நான் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். காதல் என்று சொல்லிக்கொண்டு கோகுல் முகம் போன போக்கையெல்லாம் பார்த்தவன் நான். அதெல்லாம் சும்மா. தொள்ளாயிரம் அடி ஓட்டியும் புழுதியே வந்துகொண்டிருந்த போரில் திடீரென்று ஈர மண் வந்தால் ரிக் வண்டிக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எத்தனை அலமாரிங்க?" என்றார் அண்ணன், மெதுவாக.

"மூணு."

"பரணு இருக்குதுங்களா?"

"இருக்குது. என்ன இருக்குதுன்னு ஆருக்கும் தெரியாது."

அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். "நீங்க கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

இதுதான் அவர் காதலைச் சொன்ன விதம். இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அதற்கு மேல் அவரால் பொறுக்கவும் முடியவில்லை. எழுந்தார். செருப்பை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைத்தார். கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சீமாற்றை எடுத்தார். மாங்கன்றைப் பார்த்து முடித்துவிட்டு மாமன் வந்து சோபாவில் உட்காரவும், "மாமா, காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க" என்றார். மாமன் பழக்க தோஷத்தில் தூக்கிக்கொண்டார். மூலையிலிருந்து வாசல் வரைக்கும், மிக்சர், செய்தித்தாள், எங்கள் கால்மிதிச் சொத்து எல்லாம் ஒரே வீச்சில் முறத்துக்குள் போனது. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

காலை இறக்கியபோதுதான் மாமனுக்கு உறைத்தது. "அம்முணி, இது செரிப்பட்டு வராது. இது பழகுன கையி. இந்த ஊட்ல என்னமோ இருக்குது."

"அந்தக் கைதான் மாமா எனக்கு வேணும்" என்றார் அந்த அக்கா.

"ஏங்க்கா, நீங்களாவது சொல்லுங்க."

அம்மா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பியைப் பார்த்து அலுப்பாகச் சொன்னார். "எதையடா சொல்றது? பதினோரு எடத்துல இவளுக்கு ஊட்டு வேலை தெரியும்னு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிக்குது. இங்க ரெண்டும் நெசத்தைப் பேசிருக்குதுக. உடு."

தை மாதத்தில் கல்யாணம். மண்டபத்தில் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை எடுக்கப் போனார், நாலு பேர் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தோம். விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனவர் இரண்டாம் நாள் பரண் மேல் ஏறிவிட்டார். மாப்பிள்ளை பரண் ஏறியதை வேடிக்கை பார்க்க அந்தத் தெருவே வந்ததாம். தொலைந்து போனதாக அழுது முடித்திருந்த ஒரு ஆட்டுக்கல் குழவி, இரண்டு குத்துவிளக்கு, பெண்ணின் பள்ளிக்கூட மெடல் ஒன்று எல்லாம் இறங்கி வந்தன. தாய்மாமன் அன்றைக்கே தன் கோழிப்பண்ணையை ஒருதரம் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

அந்த அக்கா சேலத்திலேயே ஒரு மில்லில் சேர்ந்துவிட்டார். சித்திரையில் எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கேயும் இன்ஜினியரிங்குக்குச் சம்பந்தமில்லாத வேலைதான், திட்டுகிறவர்கள் மட்டும் இங்கிலீஷில் திட்டுவார்கள். கோகுல் வேறு ரூம்மேட் தேட ஆரம்பித்தான். கிளம்புகிற அன்று சாவியைக் கொடுக்கக் கீழே போனேன்.

ஹாலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சோபா மேல் ஒரு சேலை சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வாய் திறந்த ஹேண்ட்பேக். டி.வி. மேல் முடியோடு சீப்பு. தரையில் ஒரு வளையல், எந்தப் பக்கமும் பார்க்காமல் அது பாட்டுக்கு. அண்ணன் சோபாவில் மிச்சமிருந்த கையகல இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"ஏஞ்சாமி?"

"இதெல்லாம் கெடக்குதே."

"அதுவா. நேத்து வேலை முடிச்சு வந்து போட்டது. அம்முணி உள்ள தூங்குது, மெல்லப் பேசு."

"நீங்க மடிச்சு வைக்கலையா?"

"மடிப்பேன். என்ன அவசரம்?" சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த ஊடு கட்டுனதுல இருந்து நான் போட்டதைய நானேதான் எடுத்தேன். இன்னொருத்தரு போட்டது கெடக்கறதைப் பாக்கறதுக்கும் நல்லாத்தான் இருக்குது சாமி."

ஹவுஸ் ஓனர்களை வாழ்த்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும், பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்தச் சேலை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.